அப்பாவின் விடுமுறைக் கணக்கு

அப்பா இறந்த அன்று காலை பத்து மணிக்கெல்லாம் தம்பி தக்கலையில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் நின்றிருந்தான். கண்ணீர் அஞ்சலிப் பலகைக்கு என்ன வாசகம் போடுவது என்று கேட்டு எனக்குத் தொலைபேசினான். கடைக்காரர் தயாராக வைத்திருந்த வாசகங்களை ஒவ்வொன்றாக வாசித்தும் காட்டினான். அவற்றில் ஒன்று 'குடும்பமே உலகமென வாழ்ந்தவர்' என்பது. அதையே போடு என்று சொல்லிவிட்டேன். சாவு வீட்டில் இருந்துகொண்டு வாசகத்துக்குத் திருத்தம் சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் மதியத்துக்கு மேல் அந்தப் பலகையைக் கொண்டுவந்து முற்றத்துப் புளியமரத்தில் கட்டியபோது, பட்டாளத் தொப்பியோடு எடுத்த பழைய படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது பொய்யில்லை, ஆனால் முழுவதும் மெய்யும் இல்லை. 83 ஆண்டு வாழ்ந்த அப்பாவுக்கு 24 ஆண்டுகள் இராணுவத்திலேயே கழிந்தன. எங்கள் சிறுவயது முழுக்க அவர் வேறெங்கோ இருந்தார். குடும்பம் நடத்துவது என்பது அவர் தம் 44ஆவது வயதில் ஏற்றுக்கொண்ட இரண்டாவது வேலை. முதல் வேலையைப் போலவே அதையும் அவர் அடிப்படையிலிருந்து, பிழை செய்து, திட்டு வாங்கித்தான் கற்றார். 'குடும்பஸ்தர்' என்று ஊர் அவரைச் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகு வந்த பெயர்.

அவர் 1940 நவம்பரில் கல்குளம் தாலுகாவில், திருவட்டாற்றுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பிறந்தார். அப்போது எங்கள் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானம். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்துக்கொண்டதும் அங்கிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. சமஸ்தானம் முழுவதும் மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிடித்தது. அப்பாவுக்குப் பல் முளைத்த காலம் அது. தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாகத் தாம் தின்றது கிழங்குதான் என்று அவர் சொல்வதில் பெரிய மிகை இருக்காது. 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி, தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்கக் கோரி நடந்த போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டபோது அவருக்கு வயது 13. ஊர்வலம் பார்க்கப் போகப் புறப்பட்டவரைப் பாட்டா தொழுவத்தில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டாராம். 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. முதல் நாள் இரவு மலையாள நாட்டில் தூங்கி மறுநாள் காலை தமிழ்நாட்டில் எழுந்ததாகச் சொல்லி அப்பா சிரிப்பார். மலையாளம் வாசிக்கும் பழக்கம் மட்டும் கடைசிவரை அவரோடு இருந்தது.

அவர் பட்டாளத்தில் சேர்ந்ததற்கு வீரக் காரணம் எதுவும் இல்லை. வீட்டில் நான்கு ஆண் பிள்ளைகள். பூமியோ அரை ஏக்கருக்கும் குறைவு. 1960இல் நாகர்கோவிலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நடந்தே போனார். எடை குறைவாக இருந்தது. வெளியே வந்து ஒரு சீப்பு மட்டிப்பழத்தைத் தின்று, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தராசில் ஏறினாராம். இந்தக் கதையை எங்கள் மாவட்டத்தில் பாதி முன்னாள் இராணுவத்தினர் தங்கள் கதையாகவே சொல்லக் கேட்டிருக்கிறேன். பழத்தின் பெயர்தான் மாறும். அவருக்குக் கிடைத்தது பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் மையம் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது என்று படைக்கு வழி உண்டாக்கித் தரும் பொறியியல் பிரிவு அது. காலாட்படைக்காரன் எதிரியைப் பார்ப்பான், சாப்பர் தரையைப் பார்ப்பான் என்பார் அப்பா.

போர்ப் பெருமை பேசுவதற்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமே கிடையாது. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததை மேடைதோறும் சொல்வார்கள். கடற்கரையில் அதற்கு ஒரு வெற்றித்தூணும் உண்டு. அந்தப் போரில் பிடிபட்ட டிலனாய் என்ற டச்சுத் தளபதி பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். அப்பா எங்களை ஒருமுறை அங்கே அழைத்துப்போனபோது போரைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டிய அந்தக் கல்லறையைப் பார்த்தார், பக்கத்திலேயே மனைவியும் மகனும் கிடப்பதைக் காட்டி, "பாத்தியா மக்களே, எங்கேயோ பிறந்த பட்டாளக்காரன், மூணு பேரும் ஒரே சுவருக்க உள்ள கிடக்கான். கொள்ளாம்" என்றார். எனக்கு அப்போது 18 வயது. நன்றாக இருக்கிறது என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் கொள்ளாம்; என்ன கொள்ளாம் என்று விளங்கவில்லை.

1965 போரின்போது அவர் பஞ்சாப் எல்லையில் இருந்தார். தாஷ்கண்ட் உடன்படிக்கை ஆகி, படைகள் பழைய எல்லைக்குத் திரும்பிய பிறகுதான் விடுமுறை கிடைத்தது. 1966 மே மாதம் கல்யாணம் நடந்தது. அம்மாவுக்கு 20 வயது. கல்யாணம் முடிந்த ஐம்பதாவது நாள் அப்பா வண்டி ஏறினார்.

அந்த நாளிலிருந்துதான் கணக்கு நோட்டு தொடங்குகிறது. காக்கி அட்டை போட்ட, நீளவாக்கிலான நோட்டு. அவருடைய கறுப்பு ட்ரங்குப் பெட்டியின் மூடிக்குள் செருகியிருக்கும். வந்த நாள், போன நாள், மொத்த நாள், குறிப்பு என்று நான்கு பத்திகள். வீட்டில் படுத்துத் தூங்கிய இரவுகளை மட்டுமே எண்ணியிருக்கிறார்; பயண நாள்கள் சேர்த்தியில்லை. பயணம் என்றால் சும்மா இல்லை. அந்தக் காலத்தில் ஜம்முவுக்கே ரயில் கிடையாது. பதான்கோட்டில் ஏறி டில்லி, அங்கிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் சென்னை சென்ட்ரல், பெட்டியைத் தலையில் தூக்கி எழும்பூர், மீட்டர்கேஜில் திருநெல்வேலி, பிறகு பேருந்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் காற்றிலேயே ஊர் வந்துவிட்டது தெரியும் என்பார். நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979இல்தான். அதற்குள் அவருடைய சர்வீஸில் பெரும்பகுதி முடிந்துவிட்டிருந்தது.

குறிப்புப் பத்தியில் ஒவ்வொரு வரவுக்கும் ஒரே ஒரு வரி. 'மூத்தவள் நடக்கிறாள்.' 'கிணற்றில் வெள்ளம் இல்லை.' 'சின்னவனுக்குப் பல் மூன்று.' 'அம்மை மரித்து 19 நாள் கழித்து வந்தேன்.' இந்தக் கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரண்டு வரி அளவுக்கு இடம் விட்டிருக்கிறார், எதுவும் எழுதவில்லை.

எங்களுக்கு அப்பா என்பவர் தபால்காரர் மூலம் வருகிறவர். மாதம் பிறந்து ஏழெட்டு நாளில் மணியார்டர் வரும். அந்தப் படிவத்தின் அடியில் செய்தி எழுதவென்று ஒரு சிறு துண்டு இருக்கும். அதில் ஆளுக்கொரு வாக்கியமாக மூன்று பிள்ளைகளுக்கும் எழுதியிருப்பார். அம்மா அந்தத் துண்டுகளைச் சம்பா அரிசி வைக்கும் தகரப் பெட்டிக்குள் போட்டுவைத்ததால் எல்லாவற்றிலும் அரிசித் தவிட்டு மணம் இருக்கும். கடிதங்களுக்கு எண் போடுவது அவர் வழக்கம். '56 ஏ.பி.ஓ.' என்ற இராணுவத் தபால் முகவரியிலிருந்து வரும் கடிதங்கள் முன்பின்னாக வந்து சேரும் என்பதால், எட்டாம் கடிதத்தில் 'மாடு விற்க வேண்டாம்' என்று இருந்தால் ஏழாம் கடிதம் வரும்வரை அம்மா காத்திருப்பாள். ஏழில் 'மாட்டை விற்றுவிடு' என்று இருக்கலாமல்லவா. ஒருமுறை அப்படி இருந்தும் இருக்கிறது.

1971ஆம் ஆண்டுக்கு நேரே 'செப். 28 – அக். 9' என்று இருக்கிறது. இரண்டு மாத விடுமுறையில் வந்தவரைத் தந்தி அடித்துத் திரும்பக் கூப்பிட்டார்கள். எனக்கு நான்கரை வயது. அந்தத் தந்தி வந்த அன்று வீட்டில் யாரும் எனக்குச் சோறு போடவில்லை என்பதுதான் என் நினைவில் இருக்கும் இந்திய பாகிஸ்தான் போர். அப்பா இருந்தது எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில். அங்கே பசந்தர் ஆற்றுக்கு இருபுறமும் பாகிஸ்தான் படை ஆழமான கண்ணிவெடி வயல்களைப் பரப்பியிருந்தது. டிசம்பர் 15ஆம் தேதி இரவு, டாங்கிகள் போவதற்கான பாதையைச் சாப்பர்கள் திறந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பணியை முன்னின்று நடத்தி உயிர்விட்ட மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. மறுநாள் அதே பாதையைக் கடந்துபோன டாங்கிகளில் ஒன்றில்தான் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் போரிட்டு, 21 வயதில் இறந்து, பரம்வீர் சக்கரம் பெற்றார். இவையெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. அப்பா சொன்னது மிகக் கொஞ்சம். டிராக்டர் கலப்பை போல முன்னால் உருளை கட்டிய டாங்கி ஒருபக்கம் போகும். அது போக முடியாத இடத்தில் ஆள்கள் குப்புறப் படுத்துக் கம்பியால் தேடுவார்கள். தேடி முடித்த தரையின் ஓரத்தில் வெள்ளை நாடா விரிப்பார்கள். "நேரா குத்தப்பிடாது மக்களே. சாய்ச்சு, பக்கவாட்டில தொடணும். மேல அமுங்கினா வெடிக்கும், பக்கத்தில தொட்டா ஒண்ணும் செய்யாது" என்பார். குளிரில் விரல் மரத்துவிடும், கம்பி கல்லில் தட்டுகிறதா இரும்பில் தட்டுகிறதா என்பது கைக்குத் தெரியாது என்பார். இன்னொன்றையும் சொல்வார்: "நமக்குப் பின்னால டாங்கிக வரிசையா நிக்கும். ஒருத்தனும் இஞ்சினை அணைக்க மாட்டான். அந்தச் சத்தம் முதுகில இருக்கும்." இதற்கு மேல் கேட்டால் எழுந்து போய் மாட்டுக்கு வைக்கோல் போடுவார்.

இதைச் சொல்லும்போது வீட்டுக் கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா ஊருக்கு வந்துவிட்ட பிறகு வீட்டுப் பின்புறம் பத்து சென்ட் இடத்தில் ஆண்டுதோறும் மரச்சீனி நடுவார். கிழங்கு எடுக்க எல்லாரும் மூடு என்னும் அடித்தண்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுப்பார்கள். பாதிக் கிழங்கு முறிந்து மண்ணுக்குள் நின்றுவிடும். அப்பா அப்படி இழுத்ததே இல்லை. மூன்றடி நீளம், சுண்டுவிரல் கனம், ஒரு முனை கூராக்கி மறுமுனையை வளைத்த ஒரு கம்பி வைத்திருந்தார். மூட்டுக்கு ஒரு முழம் தள்ளிக் குத்தவைத்து, கம்பியைச் சாய்வாக மண்ணுக்குள் மெல்லச் செலுத்துவார். தட்டுப்பட்டதும் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, இன்னொரு கோணத்தில் விடுவார். கிழங்கு எந்தத் திக்கில் ஓடுகிறது, எவ்வளவு நீளம் என்று நாலைந்து குத்தில் கண்டுபிடித்து, அந்த ஓரத்தில் மட்டும் மண்ணை விலக்கி முழுக் கிழங்காக எடுத்து வைப்பார். ஒரு மூடு எடுக்கக் கால் மணி நேரம். அடுப்பில் மீன்குழம்பு கொதித்து, சாளை கரைந்துபோகும் நிலையில் அம்மா உள்ளிருந்து, "கேட்டீளா, கிழங்கா பிடுங்குதீய, குழந்தையா எடுக்குதீய?" என்று சத்தம் போடுவாள்.

1984 அக்டோபரில் ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்தார். நோட்டின் அந்தப் பக்கத்தில் கூட்டுத்தொகை போட்டு, கீழே சிவப்புப் பென்சிலால் இரட்டைக் கோடு இழுத்திருக்கிறார். கல்யாண நாளிலிருந்து 6,700 நாள்களுக்கு மேல் ஆகியிருந்தது. அவற்றில் வீட்டில் இருந்தது 1,043 நாள். அவர் இதை அம்மாவிடம் பெருமையாகவோ குற்ற உணர்வாகவோ காட்டியபோது அம்மா சொன்ன பதில் எங்கள் வீட்டில் பழமொழி போல ஆகிவிட்டது: "அதில பாதி நாளு திண்ணையில கூட்டாளிமாருக்க கூட இருந்ததாக்கும். அதக் கழியுங்க."

வந்த முதல் இரண்டு ஆண்டுகளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. நான்கரை மணிக்கு எல்லாரையும் எழுப்புவார். படுக்கையைச் சதுரமாக மடிக்க வேண்டும். செருப்புகள் வாசலில் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பதினெட்டு ஆண்டுகள் தனியாகக் குடும்பத்தை ஓட்டி, கிணறு வெட்டி, பெண்ணுக்கு நகை சேர்த்து, மாமியாருக்குக் கொள்ளிவைக்க ஆள் ஏற்பாடு செய்து முடித்த ஒரு பெண்ணிடம் வந்து, அடுக்களையில் உப்புப் பானை எங்கே இருக்க வேண்டும் என்று ஒருவர் உத்தரவு போட்டால் என்ன ஆகும்? அம்மா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் உப்புப் பானை பழைய இடத்துக்கே போனது. தங்கையும் நானும் வளர்ந்துவிட்டோம், தப்பித்தோம். அகப்பட்டுக்கொண்டவன் தம்பி. அப்பா வந்தபோது அவனுக்குப் 11 வயது. அந்த ஆளை அவன் மொத்தம் ஒன்றரை ஆண்டுகூடப் பார்த்ததில்லை. படிப்பு, முடிவெட்டு, சைக்கிள் என்று எதை எடுத்தாலும் சண்டை. டிப்ளமோவில் இரண்டு பாடம் போனபோது அப்பா அவனை முற்றத்தில் வைத்து, அயல்வீட்டார் பார்க்க அடித்தார். தம்பிக்கு அப்போது 19 வயது. அன்று இரவே கோயம்புத்தூர் போய்விட்டான். ஒரு பம்பு பட்டறையில் சேர்ந்துகொண்டான் என்பதே இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அப்பா செய்ததிலேயே பெரிய தப்பு அது. அஞ்சலிக் கட்டுரை என்பதற்காக அதை மறைக்க நான் விரும்பவில்லை; அவரும் மறைத்ததில்லை.

அதற்கு அவர் செய்த பரிகாரம் அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இருந்தது. இன்லேண்டு வாங்கி, மேல் மூலையில் '1' என்று எண் போட்டு எழுதினார். வாரம் ஒன்று. அறிவுரை இல்லை, மன்னிப்பும் இல்லை. பசு கன்று போட்டது, ரப்பர் ஷீட் கிலோவுக்கு இன்ன விலை, அடைமழையில் பால் வெட்டவில்லை, பேச்சிப்பாறை அணை திறந்தார்கள், அம்மைக்குக் கால்வலி. இவ்வளவுதான். தம்பி பதில் போடவில்லை. 22ஆம் கடிதம் போன வாரத்தில் அவனே வந்து நின்றான். என்ன எழுதியிருந்தார் என்று நான் பலமுறை கேட்டுவிட்டேன். "ஒண்ணுமில்ல. எண்ணு மட்டும் கூடிக்கிட்டே இருந்தது. இவரு நிறுத்த மாட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றான். அப்பா அதற்குப் பிறகு எவர் மேலும் கை ஓங்கியதில்லை. பேரப்பிள்ளைகள் செருப்பைக் கண்ட இடத்தில் போட்டால், அவரே குனிந்து எடுத்து வரிசையில் வைப்பார்.

வெளியூரில் காவல் வேலைக்கும், வளைகுடாவில் ஒரு முகாம் மேற்பார்வை வேலைக்கும் அழைப்பு வந்தது. கூடப் பணிபுரிந்தவர்கள் பலரும் போனார்கள். மாடி வீடு கட்டினார்கள். அப்பா போகவில்லை. அரை ஏக்கர் ரப்பரை வைத்து, விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிப் பால் வெட்டி, ஆசிட் விட்டு உறையவைத்து, ஷீட் அடித்து, புகைபோட்டு விற்றார். பென்ஷன் இருந்தது. இராணுவக் கேன்டீனில் மாதம் ஒருமுறை வரிசையில் நின்று சோப்பும் எண்ணெயும் வாங்கிவருவார். அவர் குடிக்க மாட்டார் என்பது தெரிந்தே, அவர் பெயருக்கு உள்ள ரம் ஒதுக்கீட்டைக் குறித்து நலம் விசாரிக்க வந்த உறவினர்கள் அநேகம்.

விடுமுறை நாள்களில் பேரப்பிள்ளைகளை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப்போவார். பறளியாற்றுக்கு மேலே, 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல் ஒரு கால்வாயையே தூக்கிவைத்திருக்கும் அந்தப் பாலம், காமராசர் முன்முயற்சியில் எழுந்து 1966இல் முடிந்தது. தம் கல்யாண ஆண்டும் அதுவே என்பதால் அவருக்கு அதன்மேல் தனி உரிமை. "மனுசன் நடக்கியதுக்குப் பாலம் கெட்டுவான். இது வெள்ளம் நடக்கியதுக்குக் கெட்டினதாக்கும்" என்று தொடங்கி, தூணுக்குத் தூண் நின்று விளக்குவார். பிள்ளைகளுக்கு கீழே விற்கும் அன்னாசிப்பழத்தின் மேல்தான் கண் இருக்கும்.

2009இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடதுபக்கம் பாதித்ததால் வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. சொல்வது அவளுக்கு விளங்கும். பதிலுக்கு வார்த்தை வராது. எங்கள் வீட்டிலேயே நாக்குக் கூர்மையானவளுக்கு இப்படி ஆயிற்று. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் சிகிச்சை நடந்து வீட்டுக்கு வந்தாள். நாங்கள் மூவரும் ஆள் வைத்துப் பார்க்கலாம், எங்களோடு அழைத்துப்போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா பெட்டியைத் திறந்து அந்தப் பழைய நோட்டை எடுத்துவிட்டார். சிவப்பு இரட்டைக் கோட்டுக்கு அடுத்த பக்கம். மாத்திரை நேரம், இரத்த அழுத்தம், கை கால் பயிற்சி எத்தனை முறை என்று பத்தி பிரித்தார். கடைசிப் பத்தியின் தலைப்பு 'வார்த்தை.'

திரும்பி வந்த ஒவ்வொரு சொல்லையும் தேதியோடு அதில் எழுதியிருக்கிறார். முதல் சொல் 41ஆம் நாள் வந்தது: 'போ.' யாரைச் சொன்னாள் என்று அப்பாவுக்குத் தெரியும், அப்படியே எழுதிவைத்தார். பிறகு 'வெள்ளம்.' 'வேண்டாம்.' 'மழை.' என் பெயர் ஏழாம் மாதத்தில். 11 ஆண்டுகளில் 160 சொற்களுக்கு மேல் சேர்ந்தன. முழு வாக்கியமாக அவள் பேசியது அபூர்வம்.

அந்த ஆண்டுகளில் நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்த்த ஒரு காட்சியை இங்கே எழுதிவைக்க வேண்டும். காலை வெயில் திண்ணைக்கு வரும்போது அம்மாவைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் முக்காலி போட்டு அப்பா உட்காருவார். அம்மாவுக்கு அந்த வயதிலும் இடுப்புவரை முடி. வெட்டிவிடலாம், பார்க்க எளிது என்று நர்ஸ் சொன்னபோது அம்மா இடது கையால் முடியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள், பேச்சு முடிந்தது. ஆகவே அப்பா பின்னக் கற்றார். முதலில் சிக்கை நுனியிலிருந்து எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. உச்சியிலிருந்து சீப்பை இழுத்து அவளை அழவைத்தார். தங்கைதான் காட்டிக்கொடுத்தாள். பின்னல் மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கயிறு முறுக்குவதும் முடிச்சுப் போடுவதும் சாப்பர்களுக்கு அரிச்சுவடி. தேங்காய் எண்ணெயைக் கையில் சூடுவரத் தேய்த்து, மூன்று கால் எடுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் இழுத்துப் பார்த்து, இறுக்கமாகப் பின்னுவார். பாலத்துக்குக் கட்டும் வடம் போல அத்தனை சீராக இருக்கும். இறுக்கம் கூடிவிட்டால் அம்மா இடது கையை உயர்த்துவாள். அவர் முழுவதையும் அவிழ்த்து மறுபடி தொடங்குவார். மூன்று முறைகூட அவிழ்த்திருக்கிறார். அவளுக்கு வலித்ததா, சும்மா உயர்த்தினாளா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

அதே ஆண்டுகளில் இன்னொரு வேலையும் நடந்தது. தமக்கு ஏதாவது ஆனால் குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வர வேண்டும். ஆனால் 1966இல் எவரோ ஒரு எழுத்தர் அவள் வீட்டில் அழைக்கும் பெயரைப் பதிவேட்டில் எழுதிவைத்திருந்தார். ஆதாரில் வேறு பெயர். 'இரு பெயரும் ஒருவரே' என்ற சான்றுக்காகவும், அது போன இடங்களிலிருந்து திரும்பி வந்த ஆட்சேபணைகளுக்காகவும் 2013 முதல் 2016 வரை அலைந்தார். ஓர் அலுவலகத்தில், மனைவியையே நேரில் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுபோய், வாசலில் நிறுத்தி, "வந்து பாருங்க சார்" என்றார். பார்க்க வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். நடுவில், 2015 செப்டம்பரில் 'ஒரு பதவி ஒரு ஓய்வூதியம்' திட்டத்தை அறிவித்தார்கள். நான்கு தவணையாக வந்த நிலுவைத் தொகையில் குளியலறைக் கதவை அகலமாக்கி, சுவர் நெடுகக் கைப்பிடி அடித்தார். பெயர்த்திருத்தம் ஆகி வந்த காகிதத்தை லேமினேட் செய்து அம்மாவின் தலையணைக்கடியில் வைத்தார். அது தேவைப்படவே இல்லை.

2020 ஜூலையில் அம்மா போய்விட்டாள். கொரோனாக் கட்டுப்பாடு, இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. தங்கையால் சென்னையிலிருந்து வர முடியவில்லை. அன்றைக்கும் அப்பாதான் பின்னல் போட்டார். அந்த நவம்பரில் அவருக்கு 80 நிறைந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டியதும் ஆண்டுதோறும் நவம்பரில்தான் என்பதால், அந்த மாதம் தமக்கு இரண்டு பிறந்தநாள் என்று முன்பெல்லாம் வேடிக்கையாகச் சொல்வார். 80 நிறைந்தவர்களுக்கு ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும். கூடி வந்த முதல் தொகையை வங்கிப் புத்தகத்தில் காட்டி, "அம்மைக்கு இது தெரியாமப் போச்சே" என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னிடம் துக்கத்தைப் பற்றிப் பேசியதில்லை.

கடைசி மூன்று ஆண்டுகள் அமைதியாகவே போயின. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தபோது, கூட்டம் வேண்டாம் என்று எத்தனை சொல்லியும் போய்விட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, சாரம் நன்றாகக் கட்டியிருந்தார்கள் என்றார். 2023 சித்திரையில் முதல் மழை பெய்ததும் மரச்சீனிக் கம்பு வெட்டி நட்டார். 82 வயதில் தனியாக நின்று பத்து சென்ட்டையும் அவரே கூட்டிவைத்தார். ஜனவரி இறுதியில் ஒரு நாள் அதிகாலை, வழக்கமாக எழும் நான்கரை மணிக்கு எழவில்லை.

முன்னாள் இராணுவத்தினர் சங்கத்திலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஊன்றுகோலோடு வந்திருந்தார்கள். வரிசையாக நின்று சல்யூட் வைத்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து கறுப்புக் காப்பி குடித்தார்கள். மாலையில் எல்லாம் முடிந்தது. ட்ரங்குப் பெட்டியைத் தம்பி எடுத்துக்கொண்டான். அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் எழுதிய பெயரும் எண்ணும் இப்போதும் தெளிவாக இருக்கின்றன. நோட்டை நான் எடுத்துக்கொண்டேன்.

பதினாறு கழிந்த மறுநாள், ஊருக்குத் திரும்புமுன் கிழங்கு எடுத்துவிடலாம் என்று தம்பி சொன்னான். பருவம் தாண்டினால் கிழங்கு நார் பிடித்துவிடும். முதல் மூட்டைப் பிடித்து இழுத்தான். மூன்று கிழங்கு வந்தது. இரண்டு மண்ணுக்குள் முறிந்து நின்றது. வெள்ளையாகப் பால் கசியும் முறிவைப் பார்த்துக்கொண்டு இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். பிறகு அவன் கிணற்றுச் சுவரோரம் போய், சாய்த்துவைத்திருந்த கம்பியை எடுத்துவந்து, அடுத்த மூட்டுக்கு ஒரு முழம் தள்ளிக் குத்தவைத்தான்.

"நேரா குத்தாதே" என்றேன்.

"தெரியும்" என்றான்.